ஓசூர் வரைக்கும் இரண்டு பை தண்ணீர்

“…அதுவும் டீ ஸ்பூன்தான். சாப்பாட்டு ஸ்பூன் இல்ல. நேத்து சாயங்காலம் ஒண்ணு, இன்னிக்குக் காலையில ஒண்ணு. பாய் அந்தப் பக்கம் திரும்பி ரப்பர் பேண்டு எடுத்துக்கினு இருந்தப்ப போட்டேன். ஊரை வுட்டே போறதுங்கள வெறும் வயித்தோட எப்படி அனுப்புவேன், நீயே சொல்லு.”

ஓசூரில் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் ஒன்றின் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் தன் மனைவியிடம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மடியில் தண்ணீர் நிரம்பிய ஒரு பாலிதீன் பை. பக்கத்தில் தெர்மாகோல் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற பாய் நான்தான். எண்பதுகளின் நடுவில் ஒரு மத்தியானம்.

அவர் சொன்னது எனக்குப் புதுச் செய்தி இல்லை. செங்கத்திலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்தும் வாயைத் திறக்காமல் ஓசூர் வரைக்கும் வந்தேன். என்னை அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரிடம் பேச்சுக் கொடுத்து, “மொதல்ல வாயை மூடுய்யா, அப்புறம் தொறக்கலாம்” என்று வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அப்படிப்பட்டவன் அன்றைக்கு அரை நாள் பேசவில்லை.

திருவண்ணாமலையில் நான் முதலில் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிரித்துப் பார்ப்பேன், சேர்க்கத் தெரியாவிட்டால் மறுபடி பிரிப்பேன். ஒரு லாட்ஜ்காரர் தன் மீன் தொட்டிக்குக் காற்று ஊதுகிற மோட்டாரை ரிப்பேருக்குக் கொண்டுவந்தார். அதைச் சரிபண்ணி மாட்டிவிடப் போனேன். தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றவன் இருட்டின பிறகுதான் வீட்டுக்குப் போனேன். அடுத்த மாசமே ரேடியோக்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு இன்னொரு பக்கம் நாலு தொட்டி வைத்தேன்.

கோயிலுக்கு வருகிற கூட்டம் கடையை எட்டிப் பார்க்கும். “கிலோ எவ்ளோ பாய்?” என்று ஆளுக்கு ஆள் கேட்பார்கள். “இது வளக்கற மீனும்மா” என்றேன் ஒரு அம்மாவிடம். “வளத்து எப்ப சாப்புடறது, இவ்ளோ பொடியா இருக்குதே?” என்று என்மேல் பரிதாபப்பட்டுவிட்டுப் போனார். மீன் பாய் என்று பெயர் விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாத்திரத்தோடு வந்து நின்றவர்களும் உண்டு.

மீன் வாங்க மெட்ராஸ் போக வேண்டும். போவது சுலபம், அதுகளை உயிரோடு கொண்டுவருவதுதான் பாடு. பஸ்ஸில் ஐந்து மணி நேரம், சில நாள் ஆறு. இந்த வித்தையை நான் மீன்களைச் சாகடித்துச் சாகடித்துத்தான் கற்றுக்கொண்டேன், அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரு தடவை பைக்குள் தண்ணீரை ரொப்பினேன். தண்ணீர்தானே மீனுக்கு முக்கியம் என்று நினைப்பு. திண்டிவனம் வருவதற்குள் பாதி மிதந்தது. பையில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர், மிச்சம் காற்று என்பது பிறகு தெரிந்தது. இன்னொரு தடவை பை தளர்ந்துபோயிருக்கிறதே என்று பக்கத்து சீட்டு ஆள் நல்லெண்ணத்தில் ரப்பரை அவிழ்த்து, தன் வாயால் பலூன் ஊதுகிற மாதிரி ஊதிக் கட்டிக் கொடுத்தார். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். “எழுப்ப வேணாம்னு நானே என் மூச்சைக் குடுத்து காப்பாத்திட்டேன் பாய்” என்றார் செஞ்சியில். நாம் வெளியே விடுகிற மூச்சில் மீனுக்கு என்ன இருக்கிறது? அத்தனையும் போச்சு. அவர் முகத்தைப் பார்த்து எனக்குத் திட்டவும் வரவில்லை.

அந்த மெட்ராஸ் பஸ்ஸில்தான் டிரைவரண்ணா பழக்கமானார். ஓசூர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். முதல் தடவை நான் மீன் பைகளை மரியாதையாக இருக்கட்டும் என்று என்ஜின் பானெட்டின்மேல் வைத்துவிட்டேன். வண்டி கிளம்பி ஒரு பர்லாங்கு போயிருக்காது, “யாருப்பா அது, கொழம்பு வெக்கறது? மசாலா போட்டாச்சா?” என்று சத்தம். தொட்டுப் பார்த்தேன், பானெட் இட்லிக் குண்டான் மாதிரி கொதித்தது. அவரே பைகளைத் தன் சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியில் மாட்டச் சொன்னார். அதற்கப்புறம் நான் அவர் வண்டிக்காகவே காத்திருந்து ஏறுவேன். பள்ளம் வந்தால் வண்டியைக் கையில் ஏந்துகிற மாதிரி இறக்குவார். பின்னால் இருந்து யாராவது, “இன்னாப்பா, மாட்டு வண்டியா?” என்று கத்தினால், “மாசமா இருக்கறவங்க ஏறியிருக்காங்க” என்பார். டீ குடிக்க நிற்கும்போது, “பசங்க தூங்கறாங்களா பாய்?” என்று கேட்பார். எனக்கு எத்தனை பிள்ளைகளோ என்று மற்ற பயணிகள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அவருக்கு இடது கண்ணில் பார்வை கம்மி என்று டெஸ்ட்டில் சொல்லிவிட்டார்கள். ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. டெப்போவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வேலை கொடுத்தார்கள். நாலு நாள் போனார், வந்துவிட்டார். “நின்னுக்கினு இருக்கற வண்டியில உக்காந்தா எனக்கு வாந்தி வரும் பாய்” என்றார். வீட்டில் இருந்தார். வீட்டில் என்றால், வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தார். அந்த நடையைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் ஒரு சின்னத் தொட்டியும் நாலணா அளவில் இரண்டு ஏஞ்சல் மீன்களும் கொண்டுபோய் வைத்தேன். கறுப்புக் கோடு போட்ட வெள்ளி ஏஞ்சல். “இதுங்களுக்கு ஸ்டியரிங் எங்க இருக்கு?” என்று கேட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

நாலு வருஷம். இரண்டும் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்தன. பெருசு, சின்னது என்றுதான் அவர் கூப்பிடுவார். பெருசு அவர் விரல் நுனியிலிருந்து புழுவை எடுத்துச் சாப்பிடும். சின்னது கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கும். அவர் உட்காரக் கற்றுக்கொண்டதே அந்தத் தொட்டிக்கு எதிரில்தான்.

அவர் மனைவி பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். ஊரே சிஸ்டர் என்றுதான் சொல்லும். ஒரு நாள் டூட்டி முடிந்து வெள்ளைச் சேலையோடு நேராகக் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஓசூருக்கு மாத்திட்டாங்க பாய். ரெண்டு தடவை வேணாம்னு எழுதிக் குடுத்தேன். இந்தத் தடவை முடியாதுன்னுட்டாங்க.”

“நல்ல ஊர்தானே சிஸ்டர். குளுகுளுன்னு இருக்கும்.”

“அதான் அவரு புடிச்சுக்கினாரு. குளுரு அதுங்களுக்கு ஆகாதாம். நீ போ, நான் கீழ்பென்னாத்தூர்ல தம்பி வூட்ல இருந்துக்கறேன்றாரு.” தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இருபது வருஷம் அவரு வண்டியில இருந்தாரு, நான் நைட் டூட்டியில இருந்தேன். அவரு வரும்போது நான் கெளம்புவேன். ஒரு வூட்ல ரெண்டு பேரும் ஒண்ணா சோறு தின்னதே இந்த நாலு வருஷம்தான் பாய்.”

அப்புறம் அவரே சொன்னார்: “நேத்து ராத்திரி இறங்கி வந்துட்டாரு. மீனு ரெண்டும் நல்லபடியா வந்து சேந்தா நானும் இருக்கேன், ஒண்ணு போனாலும் அடுத்த பஸ்ஸுல ஏறிடுவேன்னு சொல்லிட்டாரு. சொன்னா செய்யற ஆளு. ஏறினாருன்னா அப்புறம் வர மாட்டாரு. நீங்க கட்டிக் குடுங்க. முடிஞ்சா கூடவே வாங்க.”

“என் பொறுப்பு சிஸ்டர்” என்றேன். இந்த வார்த்தையை எத்தனை சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

அன்றையிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து பாலிதீன் பையைத் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பேன். “கல்யாணத்துக்குக்கூட இப்படி அலையல நீங்க” என்றாள் என் மனைவி. டிரைவரண்ணாவிடம் போய் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்து தீனி போடக் கூடாது.

“ஜெயில்ல கூட கஞ்சி ஊத்துவான் பாய்.”

“அண்ணா, தின்னா வெளிய போவும். தொட்டியில போனா பரவால்ல. பையில அதே தண்ணியிலதான் அது மூச்சு வுடணும். கக்கூஸ்ல படுத்துக்கினு பிரயாணம் பண்ற மாதிரி. தண்ணியே வெஷமாயிடும். ரெண்டு நாள் பட்டினி மீனுக்கு ஒண்ணும் பண்ணாது.”

“சரி சரி” என்றார். தலையை நன்றாகத்தான் ஆட்டினார்.

சிஸ்டர் ஒரு நாள் முன்னாலேயே பஸ்ஸில் ஓசூர் போய்விட்டார், வீட்டுச் சாவி வாங்கி, மீன்களுக்காகக் கிணற்றுத் தண்ணீர் பிடித்து அண்டாவில் ஆற வைக்க. சாமான் ஏற்றிய லாரியில் டிரைவரண்ணாவும் நானும் போவது என்று ஏற்பாடு.

விடியற்காலையில் வேலையை ஆரம்பித்தேன். ஒவ்வொரு மீனுக்கும் தனிப் பை, பைக்குள் பை. பையின் அடிமூலை இரண்டையும் முறுக்கி ரப்பர் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் மூலையில் செருகிக்கொண்டு நசுங்கும். புதுத் தண்ணீர் கூடாது, அது இருந்து பழகிய தொட்டித் தண்ணீரே வேண்டும். ஒரு கேன் நிறையவும் அதே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டேன். வலை போட்டால் துடுப்பு கிழியும் என்று சொம்பால் மொண்டு எடுத்தேன். நான் ரப்பருக்காகத் திரும்பியது எப்போது, எத்தனை நேரம் என்று பிற்பாடு எவ்வளவோ யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

காற்றுக்கு வெல்டிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும். லாரியை அங்கே நிறுத்தி வெல்டரை எழுப்பினோம். “இன்னா பாய், மீனுக்கு ஒட்டு போடணுமா?” என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே சிலிண்டரைத் திறந்தார். பையில் இருந்த காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு ஆக்சிஜனை விட்டதும் பை உப்பி விறைத்தது. கழுத்தை முறுக்கி, மடித்து, இரண்டு ரப்பர். நியூஸ் பேப்பரைச் சுற்றினேன், இருட்டில் மீன் மிரளாது. சிஸ்டர் கொடுத்திருந்த, தடுப்பூசி மருந்து வருகிற தெர்மாகோல் பெட்டிக்குள் இரண்டையும் வைத்து மூடினேன். பெட்டி என் மடியில் இருந்தது.

லாரி ஓட்டியவன் நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. மலையைத் தாண்டிச் செங்கம் ரோட்டில் ஏறியதுமே டிரைவரண்ணா ஆரம்பித்துவிட்டார். “கியரை மாத்து தம்பி, அது அழுவுது.” “லெப்ட்ல மாடு வருது.” “அங்க ஒரு பள்ளம் இருக்கும் பாரு, புளிய மரம் தாண்டினதும்.” பள்ளம் இருந்தது. அவர் வலது கால் அடித்தகரத்தில் இல்லாத பிரேக்கை மிதித்தபடியே வந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த பையன், “பெருசு, நீ ஓட்டறியா? நான் பின்னாடி பீரோ மேல படுத்துக்கறேன்” என்றான். நான் அவன் தொடையைக் கிள்ளினேன். டிரைவரண்ணா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கால் மட்டும் மிதிப்பதை நிறுத்தவில்லை.

செங்கத்தில் டீக்கு நிறுத்தினோம். பெட்டியைத் திறந்து பேப்பரை விலக்கினேன். சின்னதின் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பெருசின் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் பழுப்பு நூல் நூலாகக் கிடந்தது. அதற்கு நடுவில் தின்று மீந்த சிவப்புப் புழு நாலைந்து நெளிந்துகொண்டிருந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிரில் திருவண்ணாமலைக்குத் திரும்புகிற பஸ் நின்றது. அதன் கண்டக்டருக்கு இவரைத் தெரியும். “அண்ணா! இன்னா இங்க? ஏறுங்க, சீட்டு காலியா இருக்கு!” என்று படியில் நின்று கூப்பிட்டான். இவர் கையை ஆட்டினார். வர்றேன் என்கிற மாதிரியும் இருந்தது, வரல என்கிற மாதிரியும் இருந்தது.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அண்ணா, தீனி போட்டிருக்கீங்க, இறக்குங்க, தண்ணியை மாத்தணும் என்று. சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பெருசுக்கு ஆபத்து, அதுவும் தன் கையால் என்று தெரிந்த நிமிஷமே அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு அந்தக் காலி சீட்டில் ஏறிவிடுவார். ஊர் ஒரு மணி நேரம். ஓசூரில் சிஸ்டர் அண்டா நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார்.

“எப்படி இருக்காங்க பாய்?” என்று கேட்டார், டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே.

“நல்லா இருக்காங்கண்ணா” என்றேன்.

பஸ் போய்விட்டது. நாங்களும் ஏறினோம்.

அதற்கப்புறம் சிங்காரப்பேட்டை வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மைல்கல்லுக்கு மைல்கல் பெட்டி மூடியைத் தூக்குவேன், மூடுவேன். ஒரு கட்டை விரல் இடுக்கு வழியே பெருசின் வால் தெரியும். அசைகிறதா, வண்டி அசைக்கிறதா? பையைப் பிரிக்கவும் பயம். கட்டின பையை நடுவழியில் பிரிக்காதே, பிரித்தால் ஆக்சிஜனும் போகும், மீனும் அதிரும் என்று மெட்ராஸில் படித்துப் படித்துச் சொல்வார்கள். பிரிக்காமல் விட்டால் தண்ணீர் கொல்லும். நாக்கின் நுனியில் வார்த்தை வந்து நிற்கிறது, பல்லைக் கடித்து உள்ளே தள்ளுகிறேன்.

“இன்னா பாய், பேச்சே காணோம்? வாயில புண்ணா?” என்றார் அவர்.

“தலைவலிண்ணா.”

“உனக்கா?” என்றார்.

சிங்காரப்பேட்டையைத் தாண்டியதும் மூடியைத் திறந்தேன். பெருசின் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராக இருந்தது. மீன் மேலே வந்து வாயை வாயைத் திறந்தது. இனிமேல் யோசிக்க ஒன்றுமில்லை. “நிறுத்துப்பா!” என்று கத்தினேன். பையன் போட்ட பிரேக்கில் பின்னால் அண்டா குண்டான் எல்லாம் ஒன்றாகக் கத்தின.

“இன்னா ஆச்சு?” அவர் குரல் மாறிவிட்டது.

“ரப்பர் லூசுண்ணா. காத்து எறங்கிடுச்சு. என் தப்புதான். கட்டினது சரியில்ல.”

ரோட்டோரம் ஒரு புங்க மரத்தடியில் பெட்டியை இறக்கினோம். பையை அவிழ்த்து, பாதித் தண்ணீரை மண்ணில் சாய்த்தேன். கேன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையின் ஓரத்தில் வழியவிட்டேன். சாய்த்த தண்ணீரை மண் குடித்துவிட்டது. அந்த ஈரத்தின்மேல் சிவப்பாக நாலைந்து புழு கிடந்தது.

அவர் அதைப் பார்த்தார். நான் அவர் பார்ப்பதைப் பார்த்தேன். லாரிப் பையன், “அது இன்னா பாய், மண்புழுவா?” என்றான்.

ஆக்சிஜன் போய்விட்டது, இனிமேல் கையால்தான் காற்றைக் கலக்க வேண்டும். பையின் வாயை அகலமாக விரித்துப் பெட்டிக்குள் நிறுத்திக்கொண்டு, டம்ளரால் மொண்டு உயரத்திலிருந்து திரும்ப அதிலேயே ஊற்ற வேண்டும், டீக்கடைக்காரர் ஆற்றுகிற மாதிரி. நான் டம்ளரை எடுத்தேன். அவர் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெட்டியைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஊற்ற ஆரம்பித்தார். சின்னதின் பையை நான் வைத்துக்கொண்டேன்.

ஊத்தங்கரை வந்தது, போனது. மொள்ளுவார், ஊற்றுவார். லாரி குலுங்கும்போது தண்ணீர் வேட்டியில் சிந்தும். பையன் ஒரு வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு நூலிழையில் ஒதுங்கினான், நான் “யா அல்லா” என்றேன், அவர் தலையை நிமிர்த்தவில்லை. கியர் அழுதது. அவர் கேட்கவில்லை. கால் எதையும் மிதிக்கவில்லை. கிருஷ்ணகிரியில், “கை மாத்தலாம்ணா, குடுங்க” என்றேன். “வேணாம் பாய்” என்றார். அவ்வளவுதான் பேச்சு. பையனுக்கே பொறுக்கவில்லை. “பெருசு, ஏதாவது சொல்லேன், எனக்கு ஓட்டவே பயமா இருக்குது” என்றான்.

சூளகிரி தாண்டின இடத்தில் பெருசு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. செவுள் இரண்டு தரம் விரிந்தது, அப்புறம் விரியவில்லை. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். டம்ளர் நிற்கவில்லை. ஓசூர் எல்லை வரைக்கும் அவர் செத்த மீனுக்குத் தண்ணீர் ஆற்றிக்கொண்டே வந்தார். நிறுத்துங்க என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, மனசு இல்லை.

குவார்ட்டர்ஸ் வாசலில் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். தரையைக் கழுவியிருந்தார் போலிருக்கிறது, சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார், கையில் துடைப்பம். முதலில் இறங்கினது நான். பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, என் கையிலிருந்த சின்னதின் பையை டிரைவரண்ணா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பெட்டியோடு நின்றேன். சிஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பார்த்தவர், ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

“என் பொறுப்புன்னு சொன்னீங்களே பாய்” என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. “அந்த வார்த்தையை நம்பித்தானே நான் முன்னாடி வந்தேன். ஒரு ரப்பரை ஒழுங்கா போடத் தெரியாதா உங்களுக்கு? எதை வெச்சுக்கினு இவ்ளோ வருஷமா கடை நடத்தறீங்க?” ரப்பர் லூசு என்பதை லாரிப் பையன் இறங்கின கையோடு சொல்லிவிட்டிருந்தான்.

“தப்புதான் சிஸ்டர்” என்றேன்.

“பாயைத் திட்டாத” என்று கீழேயிருந்து குரல் வந்தது. “ரப்பர் நல்லாத்தான் இருந்துச்சு. தீனி போடாதன்னு இந்த ஆளு தலையால அடிச்சுக்கினாரு. நான்தான் புழு போட்டேன். ஸ்பூனால…”

டீ ஸ்பூன்தான், சாப்பாட்டு ஸ்பூன் இல்லை, என்று அவர் சொன்னதை முதலிலேயே சொல்லிவிட்டேன். சொல்லும்போது மனைவியின் முகத்தைப் பார்க்காமல் மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பைக்குள் சின்னது ஒரே இடத்தில் நின்று துடுப்பை மெதுவாக வீசிக்கொண்டிருந்தது. அந்த இடத்திலாவது நான் செங்கத்தைச் சொல்லியிருக்கலாம். அண்ணா, எனக்கு அப்பவே தெரியும், நீங்க பஸ் ஏறிடுவீங்கன்னு பயந்து மறைச்சேன், அங்கயே தண்ணியை மாத்தியிருந்தா ஒருவேளை பொழைச்சிருக்கும் என்று. அத்தனை பேச்சுப் பேசுகிறவன், வேண்டிய அந்த ஒன்றைப் பேசவில்லை. பழியை முழுசாக அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று நின்றேன். இன்றைக்கும் அது செங்கத்தில் நான் பிரிக்காததால் செத்ததா, சிங்காரப்பேட்டையில் பிரித்ததால் செத்ததா என்று எனக்குத் தெரியாது.

சிஸ்டர் துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தினார். சேலையை இறக்கிவிட்டுக்கொண்டார். கணவரைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

“திருவண்ணாமலைக்கு நாலு மணிக்கு ஒரு பஸ் இருக்குது” என்றார் அவரிடம். “காலையிலயே விசாரிச்சு வெச்சுட்டேன். அதைப் புடிச்சிடலாம். ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க. சோறு வடிச்சு வெச்சிருக்கேன்.”

லாரிப் பையன் பீடியைப் பற்றவைக்கப் போனவன் குச்சியை அணைத்துவிட்டான்.

டிரைவரண்ணா எழுந்தார். நனைந்த வேட்டி காலில் ஒட்டியிருந்தது. மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் தூக்கி மனைவியிடம் நீட்டினார். நாலு வருஷத்தில் அந்த அம்மா அந்த மீன்களைத் தொட்டதே இல்லை. வாங்கத் தெரியாமல் வாங்கினார். “அடியில கை குடு. கழுத்தைப் புடிச்சுத் தூக்காத” என்று சொல்லிவிட்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் லாரியின் பின்பக்கம் போய், பீரோவையும் கட்டிலையும் தொட்டியையும் சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.